எப்புழு என அறிந்து மருந்திடுவோம்

(கால்நடை வளர்க்கும் தோட்டக் குடும்பங்களுக்காகக் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, நிரையில் மரம் வெட்டி, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளிக்கு, வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கும் பசு ஒரு பெருந்துணை. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், எதிர்பாராது வரும் மருத்துவச் செலவுக்கும் கைகொடுப்பது அதுவே. மாட்டுப் பொங்கலன்று மாலை சூட்டி நாம் வணங்குவதும் அதனையே. அப்பசு நோயுற்றால் குடும்பமே தளர்ந்து போகிறது.

மாடு வளர்ப்போரைச் சந்திக்கும்போதெல்லாம் நாம் கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "ஐயா, மாடு நன்றாகத்தான் மேய்கிறது, ஆனாலும் நாளுக்கு நாள் மெலிகிறது. பால் பாதியாகக் குறைந்துவிட்டது. கண்ணிமையை விலக்கிப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்குகிறது. புழுவாக இருக்கும் என்று பூச்சி மருந்து கொடுத்தோம்; ஊசியும் போட்டோம். காசு போனதுதான் மிச்சம். மாடு தேறவில்லையே!"

இம்முறையீட்டிற்கான விடை, அவர்கள் கேட்க மறந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. மாட்டின் வயிற்றில் இருப்பது எந்தப் புழு என்பதே அக்கேள்வி. உருண்டைப் புழுக்களைக் கொல்லும் ஐவர்மெக்டின் போன்ற மருந்து, ஈரலில் வாழும் தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. தட்டைப்புழுக்களிலும் ஈரலில் வாழ்வன, இரைப்பையில் வாழ்வன, கணையத்தில் வாழ்வன எனப் பல வகைகள் உள்ளன. ஈரற்புழுவைக் கொல்லும் டிரைகிளாபெண்டசோல் என்னும் மருந்து, இரைப்பைத் தட்டைப்புழுவிடம் பயன்படாது. ஆதலின் பெயரறியாத புழுவுக்கு மருந்திடுவது, முகவரி எழுதாத கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பது போன்றதாகும்.

ஈரற்புழு மாட்டை அடையும் வழி

ஈரற்புழு இலை போன்று தட்டையானது. நம் நாட்டில் காணப்படும் பெரிய வகை, முழு வளர்ச்சி பெற்றால் 25 முதல் 75 மில்லிமீட்டர் வரை நீளமிருக்கும். ஈரலின் பித்தநாளங்களுக்குள் தங்கி அது முட்டையிடுகிறது. முட்டைகள் பித்தநீருடன் குடலுக்கு வந்து சாணத்தோடு வெளியேறுகின்றன. அச்சாணம் நீரில் கலந்தால், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முட்டை வெடித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு வெளிவந்து நீந்துகிறது. ஏறக்குறைய ஒரு நாளைக்குள் தனக்குரிய நத்தையைக் கண்டு அதனுள் புகாவிட்டால் அக்குஞ்சு மாண்டு போகும். நத்தையினுள் புகுந்துவிட்டாலோ, ஒன்று பலநூறாகப் பெருகுகிறது. சில வாரங்களுக்குப் பின் அவை வெளியேறி, நீரோரப் புல்லின் அடித்தண்டில் ஒட்டிக்கொண்டு, உறையிட்டுக் காத்திருக்கின்றன. மாடு அப்புல்லைத் தின்கிறது. சுற்று மீண்டும் தொடங்குகிறது.

இவ்வாழ்க்கைச் சுற்றினை இங்கிலாந்தில் தாமஸ் என்பவரும், ஜெர்மனியில் லூக்கார்ட் என்பவரும் 1881க்கும் 1883க்கும் இடையில் தனித்தனியே கண்டறிந்தனர். 1879-80 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் இலட்சக்கணக்கான செம்மறியாடுகள் இந்நோயால் மடிந்தன. அப்பேரழிவே தாமஸின் ஆய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. நத்தை இல்லையேல் புழு இல்லை என்னும் உண்மையை உலகிற்கு உணர்த்தியது அவர்களின் உழைப்பே.

ஆனால் எல்லா நத்தைகளும் எல்லாப் புழுக்களுக்கும் இடந்தருவதில்லை. மாட்டின் ஈரலைத் தாக்கும் பாசியோலா இனத்தில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 1758 ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்ட பாசியோலா ஹெபாட்டிகா. இது குளிர்நாடுகளுக்கு உரியது. மற்றொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒட்டகச்சிவிங்கி ஒன்றின் ஈரலிலிருந்து எடுத்து விளக்கப்பெற்ற பாசியோலா ஜைகாண்டிகா. இது வெப்பநாடுகளுக்கு உரியது. ஐரோப்பாவில் முதலாவதற்கு இடந்தரும் நத்தை, ஈரச்சேற்றில் ஊர்ந்து வாழும் சிறு நத்தை. நம் பகுதியில் இரண்டாவதற்கு இடந்தருவது, குட்டைகளிலும் மெல்ல ஓடும் அல்லூர்களிலும் வயல்நீரிலும் வாழும் லிம்னியா ரூபிஜினோசா என்னும் நன்னீர் நத்தை. ஆகவே புழுவின் பெயர் தெரிந்தால் நத்தையின் பெயர் தெரியும். நத்தையின் பெயர் தெரிந்தால் மாட்டை எங்கே மேய்க்கக் கூடாது என்பது தெரியும்.

கிள்ளான் தந்த பாடம்

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் நாம் கூடியிருக்கும் இவ்விடத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிள்ளானின் வரலாற்றை நினைவுகூர வேண்டும்.

1901 ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்தில் பணியேற்றார். அப்பொழுது கிள்ளானிலும், அவ்வாண்டில் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் மக்களைச் சூறையாடிக் கொண்டிருந்தது. அத்துறைமுகமே இன்றைய கிள்ளான் துறைமுகம். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் 1897 ஆம் ஆண்டில் மெய்ப்பித்திருந்தார். அதனை அறிந்த வாட்சன், சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, வெயில்படச் செய்தார். காய்ச்சல் தணிந்தது. கடற்கரைச் சமவெளித் தோட்டங்களிலும் அதே முறை பயன் தந்தது.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே முறையைக் கையாண்டபோது காய்ச்சல் தணியவில்லை, மாறாகப் பெருகியது. காரணம் என்ன? சமவெளியில் நோயைப் பரப்பியது, நிழல்படிந்த காட்டுச் சதுப்பில் வளரும் அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு. மலையடிவாரத்தில் நோயைப் பரப்பியதோ, வெயில்படும் தெளிந்த ஓடையில் வளரும் அனோபிலிஸ் மாகுலேட்டஸ். ஒன்றனைக் கொன்ற வெயில் மற்றொன்றனை வளர்த்துவிட்டது. இதனை உணர்ந்த பின்னரே, மலைத்தோட்டங்களில் ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தும் நோயைக் கட்டுப்படுத்தினர்.

அக்காலத்துத் தோட்டங்களில் காய்ச்சலால் மாண்டவர்களுள் நம் முன்னோர் ஏராளம். கொசு என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், எந்தக் கொசு என்று கேட்டதனால் எஞ்சியோர் உயிர் பிழைத்தனர். அக்கேள்வியையே இன்று ஈரற்புழுவைக் குறித்து அறிவியலார் கேட்கின்றனர்.

முத்திரை பார்க்கும் முறை

புழுவின் உருவத்தைக் கண்டே பெயர் சொல்ல இயலாதா? முற்காலத்தில் அவ்வாறே சொன்னார்கள். நீண்டு ஒடுங்கியது ஜைகாண்டிகா, குட்டையாய்த் தோள் அகன்றது ஹெபாட்டிகா என்றனர். ஆனால் புழுவின் அளவு அதன் வயதைப் பொறுத்தும், அது வாழும் விலங்கைப் பொறுத்தும், ஓர் ஈரலில் எத்தனை புழுக்கள் நெருங்கியுள்ளன என்பதைப் பொறுத்தும் மாறுபடும். இரண்டிற்கும் இடைப்பட்ட வடிவில் காணப்படும் புழுக்களும் உண்டு. அவற்றை எதில் சேர்ப்பது என்று அறிஞர்களே நெடுங்காலம் வாதிட்டனர்.

இவ்விடத்தில் நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரே நமக்கு உவமையாகிறது. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் இங்கிருந்த செங்கற்சூளைகளால் வந்தது. சூளைக்காரர் தம் கல்லில் முத்திரை பதிப்பதுண்டு. கட்டடம் இடிந்து, கல் நொறுங்கிக் கிடந்தாலும், முத்திரையுள்ள துண்டு ஒன்று அகப்பட்டால் அது எந்தச் சூளையில் வெந்த கல் என்று கூறிவிடலாம். ஒவ்வோர் உயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும் அதைப்போன்ற முத்திரை உண்டு. அதுவே மரபணு. அது நான்கே எழுத்துகள் மாறிமாறி வர எழுதப்பெற்ற நெடிய ஏடு. புழு முழுதாக இருக்க வேண்டுவதில்லை. அதன் ஒரு சிறு துண்டோ, முட்டையோ, நத்தையினுள் உள்ள குஞ்சோ போதும்.

அத்துண்டிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, அதில் வேண்டிய பக்கத்தை மட்டும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்குகின்றனர். இதற்கான பி.சி.ஆர். முறையைக் கேரி மல்லிஸ் 1983 ஆம் ஆண்டில் வகுத்தார்; அதற்காக 1993 ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். கோவிட் பெருந்தொற்றின்போது மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்த மாதிரியைச் சோதித்ததும் இம்முறையாலேயே என்பதை நாம் யாவரும் அறிவோம். பெருக்கிய பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, முன்னரே அறியப்பட்ட இனங்களின் எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பெயரிடுகின்றனர்.

1993 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹங்கேரி, மெக்சிகோ முதலிய நாடுகளின் ஹெபாட்டிகாவையும், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் ஜைகாண்டிகாவையும் இவ்வாறு ஒப்பிட்டனர். அவர்கள் படித்த பக்கத்தில் இரு இனங்களுக்கும் இடையே வேறுபட்டவை விரல்விட்டு எண்ணத்தக்க சில எழுத்துகளே. ஆயினும் அச்சில எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறாமல், இனத்துக்கு இனம் மாறி நின்றன. ஆதலின் அவை நம்பத்தக்க முத்திரையாயின. 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தீபகற்ப மலேசியாவின் முக்கிய அறுப்புக்கூடங்களில் மாடு, எருமை ஆகியவற்றின் ஈரல்களிலிருந்து எடுத்த புழுக்களை நம் நாட்டு ஆய்வாளர்கள் அளந்தும், மரபணு எழுத்துகளைப் படித்தும் பார்த்தனர். அவை பாசியோலா ஜைகாண்டிகா என்பது உறுதியாயிற்று.

இதனால் நமக்கு என்ன பயன்?

பயன் மூன்று.

முதலாவது, வளர்ப்புக்குரிய விலங்கைத் தேர்ந்துகொள்வது. இந்தோனேசியாவின் மெல்லிய வால் செம்மறியாடு, ஜைகாண்டிகாவை எதிர்த்து நிற்கும் இயற்கை ஆற்றல் உடையது. ஆனால் அதே ஆடு ஹெபாட்டிகாவிடம் தோற்றுவிடுகிறது. தன்னிடம் வரும் புழு எது என்று தெரியாமல், "இந்த ஆட்டைப் புழு அண்டாது" என்று விலைகொடுத்து வாங்குபவர் ஏமாற்றம் அடையக்கூடும்.

இரண்டாவது, நத்தையை அடக்கும் வழி. மேற்கு ஜாவாவில் ஓர் அரிய முறையைச் சோதித்தனர். வாத்தின் குடலில் வாழும் வேறொரு தட்டைப்புழுவின் குஞ்சும், நாம் முன்னர்க் கூறிய அதே நத்தையினுள்தான் வளர்கிறது. அது ஈரற்புழுவின் குஞ்சுகளை நத்தையினுள்ளேயே தின்று அழித்துவிடுகிறது. ஆகவே வயலில் இடும் மாட்டுச் சாணத்துடன் வாத்தின் எச்சத்தையும் கலந்தபோது ஈரற்புழுத் தொற்று குறைந்தது. புழு எது, நத்தை எது என்று திட்டமாக அறிந்ததனாலேயே இவ்வழி புலப்பட்டது.

மூன்றாவது, எல்லை காத்தல். நம் நாட்டிற்கு உயிருள்ள மாடுகளும் ஆடுகளும் ஆஸ்திரேலியா, தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வருகின்றன. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியில் உள்ளது ஹெபாட்டிகா. வியட்நாம், மியன்மார், தாய்லாந்து ஆகிய நாடுகளிலோ, இரண்டு இனங்களின் மரபணுவும் கலந்த இடைப்பட்ட புழுக்களைக் கண்டுபிடித்துள்ளனர். ஜப்பானில் காணப்படும் இத்தகைய புழுக்களுட் பல, விந்து இல்லாமலே முட்டையிட்டுப் பெருகவல்லவை. உயிரணுவின் கருவிலுள்ள மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வருவது. கருவுக்கு வெளியே இழைமணியில் உள்ள மரபணு தாய்வழியில் மட்டுமே வருவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கலப்பு வெளிப்படும். கண்ணால் பார்த்து அறிய இயலாது. புதிய புழு ஒன்று நம் மேய்ச்சல் நிலத்தில் வேரூன்றிய பிறகு வருந்துவதைவிட, வருமுன் அறிந்து காப்பது அறிவுடைமையாகும்.

நம் கையில் உள்ள பணி

மரபணுச் சோதனை ஆய்வுக்கூடத்தில் நடப்பதன்றோ, தொழிலாளிக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு மாட்டிற்கும் மரபணுச் சோதனை தேவையில்லை என்பது உண்மையே. நோயுற்ற மாட்டிற்கு முதலில் வேண்டுவது சாணச் சோதனை. நுண்ணோக்கியில் ஈரற்புழுவின் முட்டை பொன்மஞ்சளாகவும், இரைப்பைத் தட்டைப்புழுவின் முட்டை நிறமற்றதாகவும் தோன்றும். இரண்டும் வடிவில் ஒத்திருப்பதால் பழகிய கண்ணே வேறுபாடு காணும். ஐயம் எழுந்தால் மேற்சோதனைக்கு அனுப்புவர். செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பீடமும், ஈப்போவில் உள்ள கால்நடை மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கால்நடை நோய்களை ஆராயும் நிலையங்கள். ஆயினும் எத்துணைச் சிறந்த கருவியும், மாட்டுக்கொட்டிலிலிருந்து மாதிரி வந்தாலன்றி எதனையும் சொல்லாது. அந்த முதற்பணி நம்முடையது. எனவே பின்வருவனவற்றை மனத்திற் கொள்வோமாக.

மாடு மெலிந்து, இமை வெளுத்து, தாடை வீங்கினால், மருந்து வாங்குமுன் சாணம் எடுப்போம். அப்பொழுது இட்ட சாணத்தில் மண் படாத பகுதியை உள்ளங்கை அளவு எடுத்து, மூடியுள்ள கொள்கலத்தில் இட்டு, மாட்டின் வயதையும் மேய்ந்த இடத்தையும் எழுதி, அன்றே கால்நடை மருத்துவச் சேவை இலாகாவின் அலுவலகத்தில் சேர்ப்போம். அன்று இயலாவிடில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைப்போம்.

சாணத்தில் முட்டை இல்லை என்ற விடை வந்தால் உடனே அமைதியடைய வேண்டா. ஜைகாண்டிகா மாட்டின் வயிற்றுக்குள் சென்று முட்டையிடத் தொடங்க 12 முதல் 16 வாரங்கள் வரை ஆகும். அக்காலத்தில் இளம்புழு ஈரலைத் துளைத்துக்கொண்டிருக்கும்; சாணமோ வெறுமையாக இருக்கும். அறிகுறி நீடித்தால் மறுமுறையும் சோதிக்கச் செய்வோம்.

ஆடு அறுக்கும்போது ஈரலில் புழுவைக் கண்டால் அதனை வீசிவிடாமல், சிறு புட்டியில் 70 விழுக்காட்டிற்குக் குறையாத எத்தனாலில் இட்டு அதிகாரியிடம் கொடுப்போம். பிணங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இட்டால் மரபணு சிதைந்து, சோதனை தடைப்படும்.

மருந்தை அளவறிந்து, மருத்துவர் சொற்படி கொடுப்போம். குறைத்துக் கொடுப்பது சிக்கனமாகாது. எஞ்சிய புழு மருந்துக்குப் பழகிவிடும். டிரைகிளாபெண்டசோலுக்கு அடங்காத ஈரற்புழு ஆஸ்திரேலியாவில் 1995 ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பெற்றது. மேலும், பால் கறக்கும் மாட்டிற்குக் கொடுத்த மருந்தின் எச்சம் பாலிலும் வரும். அப்பாலை அருந்துவது நம் குழந்தையோ அண்டைவீட்டுக் குழந்தையோ என்பதை எண்ணிப் பார்ப்போம்.

நீர் தேங்கிய பள்ளங்களின் ஓரத்தில் மாட்டை மேயவிடாதிருப்போம். புல் அறுத்துப் போடுவோர், நீர்மட்டத்திற்கு மேலுள்ள நுனிப்பகுதியை அறுத்து, அடித்தண்டை நன்கு வெயிலில் உலர்த்திய பின்னரே கொடுப்போம். சாணத்தை அல்லூரில் தள்ளிக் கழுவாமல், குவித்து மக்கவிட்டு எருவாக்குவோம். குட்டையில் குடிக்கவிடாமல், தொட்டியில் நீர் வைப்போம்.

இறுதியாக ஓர் அச்சத்தையும் நீக்க வேண்டும். புழுவுள்ள ஈரலைச் சமைத்து உண்டால் அப்புழு மனிதரைப் பற்றும் என்று பலர் நினைக்கின்றனர். இந்நோய் மனிதருக்கு வருவது பெரும்பாலும் நீரில் வளரும் கீரைகளைப் பச்சையாக உண்பதாலும், தூய்மையற்ற நீரைப் பருகுவதாலுமே. உலகில் 70க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 இலட்சம் மக்கள் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே கங்கோங் எனப்படும் வள்ளைக்கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்தே உண்போம். நீரைக் கொதிக்கவைத்துப் பருகுவோம்.

பெருமக்களே! கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலங்களுட் பல இன்று குடியிருப்புகளாகிவிட்டன. மேய்ச்சல் நிலம் குறுகியதால், எஞ்சிய ஈரநிலத்திலேயே மாடுகள் நெருங்கி மேய்கின்றன; நத்தைக்கும் புழுவுக்கும் அது வசதியாகிறது. எனவே முன்னிலும் விழிப்பு நமக்குத் தேவை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், கொசுவின் பெயரைக் கேட்டறிந்த ஒரு மருத்துவரால் இப்பகுதியின் தோட்டங்கள் உயிர்பெற்றன. இன்று புழுவின் பெயரைக் கேட்டறியும் வாய்ப்பு நமக்கே கிட்டியுள்ளது. அடுத்த முறை மாட்டிற்கு மருந்து வாங்கக் கடைவாயிலில் நிற்கும்போது, "எந்தப் புழுவுக்கு?" என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். விடை தெரியாவிடில், சாணத்தை எடுத்துக்கொண்டு கால்நடை அலுவலகத்திற்கு நடப்போம். நம் பசுவும் பிழைக்கும். அடுத்த வீட்டுப் பசுவும் பிழைக்கும்.